வசுந்தராவிடம் யார் கேட்டார்கள்?

‘படையப்பா’வைப் பற்றிப் பேச்சு எடுத்தால் அது எங்கே சுற்றினாலும் கடைசியில் நீலாம்பரியிடம் போய்த்தான் நிற்கும். படம் 1999 ஏப்ரலில் வெளிவந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அவள் மீதான வழக்கு முடிந்தபாடில்லை. அடங்க மறுத்த பெண்ணைச் சாகடித்து, அடங்கிய பெண்ணுக்கு மாலை சூட்டும் படம் என்பது ஒரு கட்சி. ரஜினிகாந்துக்கு எதிரே நேருக்கு நேர் நின்று, சாகும்போதுகூட மன்னிப்புக் கேட்காத ஒரு பெண்ணை இவ்வளவு மிடுக்கோடு காட்டிய வணிகப் படம் வேறு எது என்பது எதிர்க்கட்சி. ரம்யா கிருஷ்ணனின் அந்த நடிப்பு நினைவில் இருக்கும்வரை எதிர்க்கட்சிக்கு ஆள் குறையப்போவதில்லை.

எனக்கு இரண்டு கட்சியிலும் வேண்டியவர்கள் உண்டு. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. என் மனத்தாங்கல் வேறு. இந்த வழக்கில் நாம் எல்லோரும் ஒரே பெண்ணைத்தான் கூண்டில் ஏற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அதே படத்தில் வசுந்தரா இருக்கிறாள், படையப்பாவின் தங்கை இருக்கிறாள், அவன் மகள் இருக்கிறாள். அவர்களுடைய கல்யாணம், வீடு, சொத்து எல்லாம் அடுத்தவர் வாயால் முடிவாகின்றன. அதைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

அண்மையில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியது. அண்ணன் ரஜினி ரசிகர். வயதுக்கு ஏற்றபடி இப்போது வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அண்ணி படம் பார்க்கும்போது அதிகம் பேசமாட்டார். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள் இருவருக்கும் சேர்த்துப் பேசுவாள். சித்தியும் வந்திருந்தார். பாதிப் படம் ஓடுவதற்குள் வாக்குவாதம் முற்றி, மீதிப் படத்தை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அன்றைய இரைச்சலில் சொல்ல வாய்க்காமல் போனதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. படையப்பாவின் தந்தை ஊர்ப் பெரியவர். தம்பி முறையில் உள்ளவன் சொத்தில் பங்கு கேட்க, குடும்பத்தைப் பிரிக்க மனமில்லாமல் அத்தனையையும் அவனுக்கே கொடுத்துவிட்டு வெளியேறுகிறார். அந்தத் துயரிலேயே உயிர் விடுகிறார். சொத்து போனதும் படையப்பாவின் தங்கைக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த முறைமாப்பிள்ளை, சொத்து போன இடத்திலேயே பெண் எடுத்துவிடுகிறான். அந்த மாப்பிள்ளையின் தங்கைதான் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நீலாம்பரி. அவளுக்குப் படையப்பா மேல் ஆசை. படையப்பாவுக்கோ அவள் வீட்டு வேலைக்காரப் பெண் வசுந்தரா மேல் காதல். இதற்கிடையே படையப்பாவின் நிலத்தில் கிரானைட் கிடைக்க, அவன் பணக்காரன் ஆகிறான். பிறகு நடப்பதெல்லாம் பழிக்குப் பழி.

முதலில் அந்தப் புகழ்பெற்ற வசனம். அதிகமாக ஆசைப்படுகிற ஆணும் அதிகமாகக் கோபப்படுகிற பெண்ணும் நன்றாக வாழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை என்று படையப்பா சொல்வான். பழமொழிக்குரிய மரியாதையோடு இன்றும் இது கல்யாண வீடுகளில் புழங்குகிறது. கேட்பதற்குத் தராசின் இரண்டு தட்டும் சமமாக இருப்பது போலத் தோன்றும்: ஆணுக்கும் ஒரு குட்டு, பெண்ணுக்கும் ஒரு குட்டு. ஆனால் ஆணுடைய கோபம் எந்தத் தட்டிலும் இல்லை. இருக்கவும் முடியாது. கதாநாயகனுக்கு எப்போது கோபம் வரும் என்று காத்திருக்கத்தானே டிக்கெட் வாங்கினோம்? அவன் கோபப்பட்டால் விசில் பறக்கிறது, அவள் கோபப்பட்டால் சரித்திரத்தில் இடமில்லை.

இன்னொரு இடத்தில் பெண்களை மூன்று வகையாகப் பிரிப்பான்: சாத்வீகம், பிரசோதகம், பயானகம். கண்டால் கும்பிடத் தோன்றுகிறவள், காதலிக்கத் தோன்றுகிறவள், பயப்படத் தோன்றுகிறவள். பெண்களைப் பற்றிய பட்டியல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் இதில் பெண்ணைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. அவளைப் பார்க்கிற ஆணின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. அவள் என்ன நினைக்கிறாள், என்ன தெரிந்தவள், எதற்கு ஆசைப்படுகிறாள் என்பதற்கு இந்த மூன்று பெட்டியிலும் இடமில்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். “அது கைதட்டலுக்காக எழுதிய வசனம். அதைப் பிரித்துப் போட்டு ஆராய்ச்சி செய்தால் எந்தப் படமும் தேறாது” என்றார். சரி, வசனத்தை விட்டுவிடுவோம் என்றேன். வசனம் எழுதுகிறவர் கைதட்டலுக்காக எதையும் எழுதுவார். கதையின் எலும்புக்கூட்டைப் பார்ப்போம்.

இந்தப் படத்தில் இரண்டு தந்தைகள் சாகிறார்கள். படையப்பாவின் தந்தை வீட்டை இழந்த துயரில் சாகிறார். நீலாம்பரியின் தந்தை, ஊரறியத் தன் குடும்பத்துக்கு நேர்ந்த அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொள்கிறார். இந்த இரண்டாவது மரணத்துக்குக் காரணம் நேரடியாகப் படையப்பாவின் வீட்டார் செய்த காரியம். அது என்ன என்பதை வசுந்தராவிடம் வரும்போது சொல்கிறேன். முதல் மரணத்திலிருந்து ஒரு கதாநாயகன் பிறக்கிறான்: உழைக்கிறான், மலையை உடைக்கிறான், பாட்டு வருகிறது, பங்களா வருகிறது. இரண்டாவது மரணத்திலிருந்து ஒரு பைத்தியக்காரி பிறக்கிறாள். அவள் 18 ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். வெளியே வரும்போது அவள் மனதில் இருப்பது காதல் கைகூடாத ஆங்காரம் என்றே படம் நமக்குச் சொல்கிறது. தகப்பனைப் பறிகொடுத்த மகள் என்ற கணக்கில் அவளைப் படம் சேர்ப்பதே இல்லை. அப்பாவின் சாவுக்குப் பழிவாங்குகிற மகனை நம் சினிமா எத்தனை முறை தோளில் தூக்கிக் கொண்டாடியிருக்கிறது! அதே காரணம் மகளிடம் இருந்தால் அதற்குத் திமிர் என்று பெயர்.

நீலாம்பரிக்கு முன்மாதிரி ‘பொன்னியின் செல்வன்’ நந்தினி என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த நாவலில் நந்தினியின் வஞ்சத்துக்கு ஒரு நிகழ்ச்சியைக் கல்கி கொடுத்திருக்கிறார்: உயிர்ப்பிச்சை கேட்டுக் கெஞ்சியும் அவள் கண்முன்னே வீரபாண்டியனின் தலையை ஆதித்த கரிகாலன் வெட்டுகிறான். அவளை நாம் வெறுத்தாலும் அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்க நாவல் இடம் தருகிறது. நீலாம்பரிக்கும் அப்படி ஒரு காரணம் கதையிலேயே கிடக்கிறது. எடுத்துக் கையில் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இனி வசுந்தரா.

படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி ஊஞ்சல் காட்சி. உட்கார நாற்காலி போடாமல் நீலாம்பரி கால் மேல் கால் போட்டு அமர்ந்திருப்பாள். படையப்பா தன் துண்டை வீசி, மேலே கட்டி வைத்திருந்த ஊஞ்சலைக் கீழே இழுத்து, அதில் அமர்ந்து அவனும் கால் மேல் கால் போடுவான். கொட்டகையே எழுந்து நின்றது என்று அண்ணன் இன்றும் சொல்வார். நன்றாக எடுத்த காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கும் யாருக்கும் இடையிலான போட்டி? உட்கார்ந்து பழகிய இருவருக்கும் இடையில். அதே வீட்டில் நின்றே வளர்ந்தவள் ஒருத்தி உண்டு. அவள் கன்னத்தில் நீலாம்பரி காலால் தொடுகிற காட்சி ஒன்று வரும். பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு கூசும். அந்த வசுந்தராவுக்கு ஓர் ஆசனம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள்.

படையப்பாவின் தாய் பலர் முன்னிலையில் தன் மகனுக்கு மணப்பெண் யார் என்று அறிவிக்கிறார். நீலாம்பரியின் பெயரை எதிர்பார்த்து எல்லோரும் நிற்க, அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயரைச் சொல்கிறார். சம்பந்தி வீட்டார் முன்பு செய்த அவமானத்துக்கு இது பதிலடி. பார்வையாளருக்கு அந்த நொடியில் புல்லரிக்கும். ஏழைப் பெண்ணை மருமகளாக ஏற்கும் பெரிய மனது, சாதி அந்தஸ்து பார்க்காத சமத்துவம் என்றெல்லாம் இதைப் பாராட்டி நான் கேட்டிருக்கிறேன். அண்ணனும் அன்று அதைத்தான் சொன்னார்: “உனக்குச் சமத்துவம்தானே வேண்டும்? இதோ வேலைக்காரியை மகாராணி ஆக்கியிருக்கிறார்கள்.”

ஆக்கினார்கள், சரி. எதற்காக ஆக்கினார்கள்? அந்த அறிவிப்பின் வலிமை முழுவதும் ‘உங்கள் வீட்டு வேலைக்காரி’ என்பதில்தான் இருக்கிறது. வசுந்தரா ஓர் ஆசிரியை மகளாக இருந்திருந்தால் அந்தக் காட்சியில் எதிராளிக்கு வலித்திருக்காது. அவளுடைய தாழ்ந்த நிலைதான் அங்கே ஆயுதம். அவளை உயர்த்துவதற்காக அவள் பெயர் சொல்லப்படவில்லை. நீலாம்பரியைத் தாழ்த்துவதற்காகச் சொல்லப்பட்டது. ஒருத்தி உயர்வது இன்னொருத்திக்கு அவமானமாக அமைந்தால்தான் கதைக்குச் சுவை என்றால், அங்கே வேலைக்காரி என்ற சொல்லின் இழிவு அப்படியேதான் இருக்கிறது.

வசுந்தராவுக்கும் அவன் மேல் காதல்தானே, கட்டாயப்படுத்தவில்லையே என்பார்கள். உண்மைதான், அவள் மனதில் காதல் இருந்தது. எஜமானிக்குப் பயந்து அதை வெளியே சொல்ல முடியாமல் இருந்தாள். அப்படியானால் இந்தக் கதையில் அவள் அடைய வேண்டிய பெரிய வெற்றி என்ன? தன் வாயால் அதைச் சொல்லிவிடுவது. நீலாம்பரி எதிரே நின்று ‘எனக்கு இவரைப் பிடித்திருக்கிறது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக நான் படம் முழுக்கக் காத்திருந்தேன். மாமியார் சொல்லிவிட்டார், அத்தோடு முடிந்தது. வசுந்தராவின் நிம்மதியான வாழ்க்கை அவளுக்குக் கிடைத்த பரிசு. அவள் எடுத்த முடிவு என்று சுட்டிக்காட்ட எனக்கு அதில் எதுவும் அகப்படவில்லை. சௌந்தர்யா அந்தப் பாத்திரத்தில் கண்களாலேயே எவ்வளவோ பேசியிருக்கிறார், ஆனால் கண்ணால் பேசியதைச் சபையில் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

ஆசையைத் தன் வாயால் சொல்கிற பெண் இந்தப் படத்தில் ஒருத்திதான் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அவள்தான் வில்லி.

அடுத்தது தங்கை. படம் பார்த்தவர்களிடம் அவள் பெயரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யோசிப்பார்கள். ஆனால் முதல் பாதியின் திருப்பம் முழுக்க அவள் கல்யாணத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. தந்தை ஒரே மூச்சில் சொத்து முழுவதையும் எழுதிக் கொடுக்கிறார். அது தியாகத்தின் உச்சம் என்பது போல இசை உயர்கிறது, சிவாஜி கணேசனின் முகம் திரையை நிறைக்கிறது, நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அந்தக் கையெழுத்தின் விலையை முதலில் கொடுப்பது யார்? மனைவியும் மகளும். மறுபடி மலையேறி மீள்வதற்கு மகனுக்குத் தோள் இருக்கிறது, நிலத்துக்கு அடியில் கிரானைட்டும் இருக்கிறது. மகளுக்கோ நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகிறது. கையெழுத்துப் போடுமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று படத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கொட்டகையில் இருந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இது கற்பனைக்கு எட்டாத விஷயமும் அல்ல. பெண்களுக்கும் ஆண்களுக்கு நிகராகச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது சட்டமாவதற்கு 60 ஆண்டுகள் ஆயின. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தப்படி, 1989 மார்ச் 25ஆம் தேதிக்கு முன் திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. நாடு முழுவதற்கும் அந்த உரிமை 2005இல்தான் வந்தது. அதாவது ‘படையப்பா’ வெளியானபோது நம் ஊரில் இந்தச் சட்டத்துக்குப் பத்து வயது.

அண்ணன் விடவில்லை. “படம் 1999. கதையில் நடுவே 18 ஆண்டுகள் போகின்றன. அப்படியானால் அந்தச் சொத்துக் காட்சி நடப்பது 1981. அப்போது உன் சட்டமே கிடையாது” என்றார். கணக்கு சரிதான். வங்கியில் வேலை பார்க்கிறவர், வட்டிக் கணக்கில் பிழை விடமாட்டார். ஆனால் படம் பார்த்த நாங்கள் 1981இல் இல்லையே. 1999இல் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கிய கூட்டத்தில் சட்டப்படி பங்குள்ள மகள்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அப்பா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாரே என்று அவருக்காக அழுதார்கள்.

சித்தி அதில் ஒருவர். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது 1993இல். சில ஆண்டுகள் கழித்து அவர் அப்பா இறந்ததும் பூர்வீக வயலைப் பிரிக்கும் பேச்சு வந்தது. அவருடைய அண்ணன்மார் வீட்டுக்கு வந்து மிகவும் அன்பாகப் பேசினார்கள். நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இனியும் தீபாவளி பொங்கலுக்குச் செய்வோம், ஒரு கையெழுத்துத்தானே என்றார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் துணைக்கு நான் போனேன். விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். பத்திர எழுத்தர் ஒரே மூச்சில் வாசித்தார். முழு மனதோடும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் என்ற இடம் மட்டும் காதில் விழுந்தது. மேசைக்கு அந்தப்புறம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் “சம்மதம்தானே?” என்றார். சித்தி தலையாட்டினார். அதற்குள் அண்ணன்களில் ஒருவர் “சம்மதம்தான் சார்” என்று பதில் சொல்லி முடித்திருந்தார். இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை பதித்தார்கள். மையைத் துடைக்கத் துணி இல்லை. சித்தி சுவரில் தேய்த்தார். அந்தச் சுவரில் அந்த உயரத்தில் ஏற்கெனவே நிறைய விரல் தடங்கள் இருந்தன. திரும்பும் வழியில் அவருக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல புடவை. இன்றும் விசேஷங்களுக்கு அதைத்தான் கட்டுகிறார்.

இந்தச் சித்திக்கு நீலாம்பரி என்றால் உயிர். ‘வயதானாலும் உன் ஸ்டைல் உன்னை விட்டுப் போகவில்லை’ என்று நீலாம்பரி சொல்லும் இடத்தில், வசனத்துக்கு முன்னாலேயே இவர் உதடு அசையும். ஒருமுறைகூட வீட்டில் குரலை உயர்த்திப் பேசாதவர். அன்றைக்கும் நான் நீலாம்பரியைக் கொன்றது அநியாயம் என்று பேச ஆரம்பித்தபோது, “அவளை யாரும் கொல்லவில்லை, அவள்தான் சுட்டுக்கொண்டாள்” என்று திருத்தினார். படையப்பா காப்பாற்றிய உயிரை வைத்துக்கொண்டு வாழ மாட்டேன், அடுத்த ஜென்மத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று தன்னைத்தானே முடித்துக்கொள்கிறாள் அவள். சித்திக்கு அது தோல்வியாகவே படவில்லை. நீலாம்பரியின் ரசிகைகளை வில்லியை ரசிக்கும் விசித்திரப் பிறவிகள் என்று நினைப்பவர்கள் சித்தியைப் போன்றவர்களைச் சந்தித்ததில்லை. ‘சம்மதம்தான் சார்’ என்று தனக்காக இன்னொருவர் சொல்லக் கேட்டவருக்கு, எதற்கும் சம்மதிக்காத ஒருத்தியைத் திரையில் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதனால்தான் ஆணாதிக்கப் படம் என்று ஒரே முத்திரையைக் குத்தி இதை மூலையில் போட எனக்குக் கை வரவில்லை. எழுதியவர்கள் ஒன்றை நினைத்து எழுதினார்கள், பெண்கள் அதிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

மகள் அனிதாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு காட்சியைத் தவிர. தன் நண்பரின் மகனுக்கு அவளை மணமுடிக்கப் படையப்பா ஏற்பாடு செய்கிறான். கல்யாண நேரத்தில், பலர் முன்னிலையில், இந்த மாப்பிள்ளை வேண்டாம், நான் வேறொருவரைக் காதலிக்கிறேன் என்று அவள் சொல்கிறாள். ஒரு மகள் தன் கல்யாணத்தைப் பற்றித் தகப்பனிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அந்த இடம் படத்திலேயே துணிச்சலான இடமாக அமைந்திருக்க வேண்டும். ஆனால் அது நீலாம்பரி தூண்டிவிட்டுப் போட்ட நாடகம். நல்ல குடும்பத்துப் பெண் தானாக அப்படிப் பேசமாட்டாள், பேசினால் பின்னால் யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்பது நம் வீடுகளில் காலகாலமாகக் கேட்கிற பேச்சு. படம் அதையே கதையாக்கிவிட்டது. நியாயமாகச் சொல்வதென்றால், அதைக் கேட்ட தகப்பன் மகளை அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்குள் அவள் விரும்பியவனுக்கே கட்டிவைப்பேன், இல்லையேல் உயிரை விடுவேன் என்று சபதம் செய்கிறான். நல்ல தகப்பன்தான். ஆனால் மாப்பிள்ளை பார்க்கும்போதே அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சபதத்துக்கே வேலை இருந்திருக்காது.

“அந்தக் காலத்துப் படம், அந்தக் காலத்து மனிதர்கள்” என்பது அண்ணனின் கடைசி அரண். அந்தக் காலம் என்பது எது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அடங்காத பணக்காரப் பெண்ணை அடக்கிக் காட்டுவது தமிழ் சினிமாவின் பழைய வியாபாரம். 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’வில் வெளிநாடு போய் வந்த நாகரிகப் பெண்ணைக் கிராமத்துக் கணவன் வழிக்குக் கொண்டுவருவான். அந்தப் பெண்ணாக நடித்தவர் ஜெயலலிதா. 1991இல் அவர் முதலமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டே வெளிவந்த ‘மன்னன்’ படத்தில், தொழிற்சாலையை நடத்தும் விஜயசாந்தி கடைசியில் நிர்வாகத்தை விட்டுவிட்டு இல்லத்தரசி ஆகிறார். கோட்டையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தபோதே கொட்டகையில் ஒரு பெண்ணை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தோம்.

‘படையப்பா’ 1999 ஏப்ரல் 10 அன்று வெளியானது. ஏப்ரல் 17 அன்று, அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால் வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. கோபப்படுகிற பெண்ணைப் பற்றிய வசனத்துக்குத் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் விசில் பறந்த அதே வாரம் அது. 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்கு எதிராக ரஜினிகாந்த் எடுத்த நிலைப்பாடு எல்லோருக்கும் நினைவிருந்ததால், நீலாம்பரியின் முகத்தில் பலர் ஜெயலலிதாவைத்தான் கண்டார்கள். ஜெயலலிதாவின் ஆட்சியில் கண்டிக்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. ஊழல் வழக்குகள் இருந்தன, வளர்ப்பு மகன் திருமண ஆடம்பரம் இருந்தது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு பெண் இப்படிக் கத்தலாமா என்ற இடத்தில் வந்து நின்றது நம் விமர்சனம். ஓர் ஆண் ஊழல் செய்தால் ஊழல்வாதி என்கிறோம், பெண் செய்தால் அதற்கு முன்பாக அவள் அடக்கமில்லாதவள் ஆகிவிடுகிறாள். இது ஜெயலலிதாவுக்குச் சாதகமான வாதம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவரைச் சரியாக விமர்சிக்கும் வாய்ப்பைக்கூட இந்தப் பழக்கம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதுதான் என் வருத்தம்.

அண்ணன் மகளுக்கு இந்த அரசியல் எதுவும் சுவைக்கவில்லை. அவளுடைய கோபம் இயக்குநர் மீதும் இல்லை, படையப்பா மீதும் இல்லை, நீலாம்பரி மீது. “அமெரிக்காவில் படித்தவள். கையில் பணம் இருக்கிறது. ஒருவன் வேண்டாம் என்று சொன்னால் டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதானே? அதற்காகப் 18 வருடமா ஓர் அறையில் உட்கார்ந்திருப்பாள்?” என்றாள். சித்திக்கு முகம் சுருங்கியது. நான் சிரித்துவிட்டேன், ஆனால் யோசித்தால் அவள் சொன்னதுதான் எல்லோரையும்விடக் கூர்மையான விமர்சனம். ஒரு பெண்ணுக்கு அழகு, படிப்பு, செல்வம், ஆங்கிலம், கார், துப்பாக்கி எல்லாவற்றையும் கொடுத்த கதாசிரியருக்கு, ஓர் ஆண் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் எப்படிப் போகும் என்று மட்டும் கற்பனை செய்ய முடியவில்லை. அவன் அந்தப் 18 ஆண்டுகளில் தொழில் செய்தான், ஊருக்குப் பெரியவன் ஆனான், பிள்ளைகளை வளர்த்தான். அவள் அவனையே நினைத்துக்கொண்டிருந்தாள். வசுந்தரா அவனுக்குச் சமைத்துப் போட்டிருப்பாள் என்று வைத்துக்கொள்ளலாம், அதையும் படம் விவரமாகக் காட்டவில்லை.

“போயிருந்தால் படம் ஏது?” என்றார் அண்ணன். அதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

சித்தியின் பத்திரக் கதையை அண்ணன் மகள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். சித்தி வேறு யாருக்கோ நடந்தது போலச் சொல்லிக்கொண்டே போனார், அவள் முகம் மாறிக்கொண்டே போனது. சித்தி எழுந்து போனதும் நேராக அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: “தாத்தா கட்டிய வீட்டில் அத்தைக்குப் பங்கு உண்டா?”

அண்ணன் ரிமோட்டைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது. இவ்வளவு நேரமும் வாய் திறக்காத அண்ணிதான் சொன்னார்: “உண்டு. மூன்றில் ஒன்று.” அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது, உயில் எழுதாமல் காலமானார். அப்படிப்பட்ட சொத்துக்கு 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் வேண்டாம், 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் வேண்டாம். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மா, அண்ணன், நான். அப்பா போன பிறகு இத்தனை காலத்தில் வீட்டில் யாரும் இதைப் பேச்சுக்கு எடுத்ததில்லை. அண்ணன் கெட்ட எண்ணம் பிடித்தவரும் இல்லை. அவருக்கு அது பேச வேண்டிய விஷயமாகவே தோன்றியதில்லை.

பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, மாற்றும்போது மூன்று பெயரும் வர வேண்டும் என்றேன். அண்ணன் சரி என்றார். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். வாரிசுச் சான்றிதழை எங்கே வைத்தோம் என்று அண்ணி அப்போதே அலமாரியைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.